ஜூன் மாதத் தாளின் நீலம்

2007ஆம் ஆண்டு, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் அன்று காலையில் சீனிவாசகம் மாமா விருதுநகரை விட்டுப் போனார். எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் ஊர் திரும்புகிற நாள் அது. மதுரையிலிருந்து வந்த பஸ்கள் ஆட்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்துக்கு எதிராக ஒரு ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு மாமா மட்டும் ஏறினார். பைக்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, பழுப்புக் கவரில் சுற்றிய நீலத் தாள்கள். திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சிடுகிற ஓர் இடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தேன். திரும்பி வரும்போது எங்கள் தெரு முக்கில் கோலப்பொடி விற்றுக்கொண்டிருந்த சொர்ணலட்சுமியக்கா, எனக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"குத்தம் செய்யாதவன் பொங்கலன்னைக்கு எதுக்கு பஸ் ஏறுறான்? ரெண்டு நாள் கழிச்சுப் போனா திருப்பூரு ஓடியா போயிரும்?"

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் அவர்மேல் முழு நம்பிக்கை இல்லை.

மாமா சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மை கலக்குகிறவர். பதினான்கு வயதில் மை டப்பா கழுவப் போனவர், படிப்படியாக மை அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அச்சகத்துக்குப் பட்டாசு லேபிள்தான் பிழைப்பு. அங்கே ஒரு முறை உண்டு. புது லேபிள் என்றால் முதலில் நாலைந்து தாள் ஓட்டி, பட்டாசுக் கம்பெனிக்காரரிடம் காட்டுவார்கள். பிடித்த தாளில் அவர் 'ஓகே' என்று கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு எத்தனை வருஷம் ஆனாலும், எத்தனை லட்சம் ஓட்டினாலும், அந்த ஓகே ஷீட்தான் வேதம். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்று அதைக் கறுப்புக் கவரில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். மாமாவின் வேலை, புதிதாகக் கலக்கிய மையை விரலால் தொட்டு ஒரு துண்டுத் தாளில் தட்டிப் பார்த்து, ஓகே ஷீட்டோடு ஒட்டிவைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வரை விடாமல் கலக்குவது.

இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்பமாட்டார். ஜவுளிக்கடையில் சேலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார், கடைப்பையன் பின்னாலேயே ஓடிவருவான். "உங்க மாமாகூட கத்திரிக்கா வாங்கப் போனா விடிஞ்சிரும். வெயில்ல காட்டிக் காட்டி, கடைக்காரன் நாங்க ஏதோ குறை சொல்றோம்னு நெனைச்சுக்கிறான்" என்பாள் பொன்னுத்தங்கம் அத்தை.

குண்டு போடுகிற விமானங்கள் அவர் வாழ்க்கைக்குள் வந்தது 2004இல். இங்கிலாந்திலிருந்து டென்னிஸ் என்ற ஒரு வயதானவர், தன் அப்பா இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து ஓட்டிய விமானங்களையும் அவற்றோடு பறந்த மற்ற விமானங்களையும் போட்டு ஒரு காலண்டர் அடிக்கச் சொன்னார். பன்னிரண்டு தாள், பன்னிரண்டு விமானம். பழைய வண்ணப் புகைப்படங்களை அவரே அனுப்பியிருந்தார். மாமா அவற்றுக்கு அச்சு அசலாக மை கலக்கி, ஓட்டி, மாதிரி அனுப்பினார். பதினொரு தாளுக்கு ஓகே வந்தது. ஜூன் மாதத் தாள் திரும்பி வந்தது. அதில் நாலு எஞ்சின் வைத்த ஒரு லிபரேட்டர் விமானம், பக்கவாட்டில் எந்த நாட்டு விமானம் என்று காட்டும் வட்டக்குறி, வெளியே கருநீலம், நடுவில் வெளிர்நீலம். நடுவில் இருக்கிற நீலம் தப்பு என்று எழுதியிருந்தார்.

மாமா போட்டோவையும் தாளையும் வெயிலில் வைத்துப் பார்த்தார். மயிரளவும் வித்தியாசமில்லை. அதையே பதிலாக எழுதச் சொன்னார். டென்னிஸிடமிருந்து ஒரு வரி வந்தது. தாள் போட்டோவைப் போலத்தான் இருக்கிறது, ஆனால் போட்டோ விமானத்தைப் போல இல்லை.

அந்த ஒரு வரி அவரை என்னவோ செய்துவிட்டது. முப்பது வருஷமாக மாதிரியை நம்பிப் பிழைத்தவரிடம், மாதிரியே பொய் சொல்லும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். காலண்டரை எப்படியோ முடித்து அனுப்பினார்கள். மாமா முடிக்கவில்லை. டென்னிஸும் முடிக்கவில்லை. இரண்டு பேருமாக அந்த வெளிர்நீலத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.

2006இன் தொடக்கத்தில், ஏழு வருஷம் கப்பலிலும் விடுதிகளிலும் வேலை பார்த்துவிட்டு நான் விருதுநகருக்கு வந்து சேர்ந்திருந்தேன். தேசபந்து மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில், அடுத்து எங்கே போகலாம் என்று தேடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் மாமா வந்து பக்கத்தில் நின்றார்.

"வாணி, ஒரு மெயில் அடிச்சுத் தருவியா? கவர்ல எழுதினா ஒரு மாசம் ஆகுது."

"என்ன எழுதணும் மாமா?"

"வாலு பக்கத்துல போட்டிருக்கிற பட்டை மங்கல் பெயிண்டா, பளபளப்பான்னு கேக்கணும்."

"எதோட வாலு?"

"பாம் போடுற பிளேனோட."

பட்டாசு ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டு ஆளிடம் குண்டு விமானத்தைப் பற்றிக் கேட்கிற ஒருவரை எப்படிப் பார்ப்பது? அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டுகொண்டிருந்த வருஷம். பிரவுசிங் சென்டர்காரர் எங்கள் திரையை எட்டி எட்டிப் பார்த்தார். நான் அடித்துக் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தரம் படித்துவிட்டே அனுப்பினேன்.

மெயில்கள் சுவாரசியமாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விமானங்களின் வட்டக்குறியில் முதலில் நடுவில் சிவப்பு இருந்ததாம். ஜப்பான் விமானங்களில் இருந்ததும் சிவப்பு வட்டம். பறக்கிற அவசரத்தில் சிவப்பு ஒரு துளி தெரிந்தாலும் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடும். அதனால் கிழக்குப் பக்கம் பறந்த விமானங்களில் சிவப்பை மூடச் சொல்லி உத்தரவு. எதைக் கொண்டு மூடினார்கள் என்பதுதான் கேள்வி. போட்டோவை நம்ப முடியாது, சில வகைப் பழைய கறுப்புவெள்ளைப் படச்சுருளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெள்ளையாகவும் விழும். வண்ணப் படச்சுருளோ வருஷம் ஆக ஆக நிறம் மாறும். வீட்டுக்குள் ஒரே நிறமாகத் தெரிகிற இரண்டு நீலங்கள், வெயிலுக்கு வந்ததும் ஒன்று பச்சைப் பக்கமும் மற்றது ஊதாப் பக்கமும் பிரிந்துபோகும் என்று டென்னிஸ் ஒரு மெயிலில் எழுதியிருந்தார். அதை நான் படித்துச் சொன்னதும் மாமா சிரித்தார்.

"இத நான் ஜவுளிக்கடையில சொன்னா பைத்தியங்கிறாக. வெள்ளக்காரன் சொன்னா ஆராய்ச்சி."

இதற்காக அவர் அச்சகத்தில் தட்டிப் பார்க்கிற துண்டுத் தாள்களைப் பயன்படுத்தினார். பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ராக்கெட் லேபிளுக்கென்று அவர் தனியாகக் கலக்கிய கருநீலம் ஒன்று உண்டு. அதில் மிஞ்சியதை எடுத்து, வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு படியையும் தாளில் தட்டி, பின்னால் அளவு எழுதி, டென்னிஸுக்கு அனுப்புவார். மை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அச்சகத்தின் சட்டம். விரல் நுனி மைதானே என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் விமானத் தளத்தில் வர்ணம் பூசிய ஒருவர் காரியாபட்டியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெயர் ஊர்க்காவலன். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். மாமா வாயைத் திறந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"அங்கன இருந்து நான் ஒண்ணும் எடுத்துட்டு வரல. எடுத்தவன் எல்லாம் செத்துப் போயிட்டான்."

"எடுத்ததக் கேக்க வரலய்யா. பூசினதக் கேக்க வந்தோம்."

"தார்ப்பாய நான் தொடவே இல்ல. அது முத்தையா எடுத்தது."

"தார்ப்பாய் இருக்கட்டும். பிளேன்ல வட்டம் போட்டீகளே, அதுல நடுவுல என்ன நீலம்?"

அவர் என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ள எந்த ஆபீசு?"

நான் எந்த ஆபீசும் இல்லை என்று நம்பவைக்க இரண்டு டீ ஆயிற்று. அதன் பிறகு மாமா துண்டுத் தாள்களைக் கட்டில்மேல் பரப்பி, இதில் எது என்று கேட்டார். கிழவர் எதையும் தொடவில்லை.

"எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? செவப்ப மூடு, செவப்ப மூடுன்னு கத்துவான். வெள்ள டப்பா ஒண்ணு, நீல டப்பா ஒண்ணு. ரெண்டையும் ஊத்தி ஒரு குச்சியால கலக்குவோம். வெள்ள தீந்துபோனா கருக்கலா வரும். நெறைய இருந்தா வெளுப்பா வரும். செவப்பு தெரியக் கூடாது, அம்புட்டுத்தான். தெரிஞ்சா நம்மாளே சுட்டுருவான்ல?"

திரும்பும் பஸ்ஸில் மாமா துண்டுத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கவரில் போட்டார். பாதி வழியில் சொன்னார்.

"அப்ப ஓகே ஷீட்டே கிடையாது, பாத்தியா. ஒவ்வொரு பிளேனும் ஒவ்வொரு நீலம்."

தேடல் அத்தோடு நின்றிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அவர் விடவில்லை. அந்த ஜூன் மாதத்து ஒரு விமானத்தின் நீலம் எது என்று கேள்வியைச் சுருக்கிக்கொண்டார்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில்தான் பிரச்சினை வந்தது. வடக்கே ஏதோ ஊரில், அந்தப் பட்டாசுக் கம்பெனியின் ராக்கெட் பெயரில் மட்டமான சரக்கு விற்றிருக்கிறார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த லேபிள் அசலைப் போலவே இருந்தது. நீலம்கூட அப்படியே. கம்பெனிக்காரர் ஒரு கட்டு லேபிளைக் கொண்டுவந்து அச்சக முதலாளி ஜெயச்சந்திரன் மேஜையில் போட்டுவிட்டு, இந்த நீலத்தைக் கலக்கத் தெரிந்தவன் உங்கள் ஆள் ஒருவன்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிவகாசியில் டூப்ளிகேட் லேபிள் புதிதில்லை. ஆனால் எப்போதும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். நிறம் இவ்வளவு சரியாக இருந்தால், உள்ளே இருக்கிறவன் அளவைக் கொடுத்திருக்கிறான் என்று பொருள்.

மறுநாள் வாசலில் மாமாவின் பையைப் பார்த்தார்கள். தூக்குவாளிக்கு அடியில் பதினொரு துண்டுத் தாள், அத்தனையும் அந்த நீலத்தின் பிள்ளைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் அளவு. மெஷின் ஓட்டும் முனியராஜ் பிறகு என்னிடம் அந்தக் காட்சியை அப்படியே நடித்துக் காட்டினான்.

"இது என்ன சீனி?"

"பிளேனுக்கு, மொதலாளி."

"எந்த பிளேனுக்கு?"

"அந்தக் காலத்து பாம் போடுற பிளேனுக்கு. நடுவுல ஒரு வட்டம் இருக்கும்..."

"ஏலே, நான் லேபிளக் கேட்டா நீ பாம்ங்கிற. பாமக் கேட்டா எதச் சொல்லுவ?"

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா. மொதலாளி சிரிக்கல. அவரு கும்பிடப் போறவரு மாதிரி கைய வச்சுக்கிட்டு நின்னாரு. மொதலாளிக்கு உங்க மாமான்னா உசுரு" என்றான் முனியராஜ்.

வீட்டில் அத்தைக்கு வேறு சந்தேகம். டென்னிஸ் என்பது பெண்ணா ஆணா என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். ஆண், அதுவும் எழுபதைத் தாண்டியவர் என்றேன். "போட்டோ பாத்தியா?" என்றாள். பார்க்கவில்லை. அவள் அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

மாமாவுக்கு வேலை போகிற பயத்தைவிட, திருடன் என்ற பெயரோடு போகிற பயம். மை அறையில் யாரும் அவரோடு தனியாக நிற்பதில்லை. அவர் கலக்கினால் ஜன்னலுக்கு வெளியே ஒருவன் நின்று பார்த்தான். "வேலைய விடச் சொன்னா விட்டுருவேன் வாணி. இந்தப் பேரோட விட முடியாது" என்றார்.

துண்டுத் தாள்கள் தனக்குத்தான் வந்தன என்று டென்னிஸே எழுதிக் கொடுத்தால் போதும் என்று தோன்றியது. மெயில் அனுப்பினேன். இத்தனை அனுப்பியதாகச் சொல்கிறாரே, இத்தனையும் வந்தனவா என்றும் நானாகச் சேர்த்துக் கேட்டேன். பதில் உடனே வந்தது. அன்பான பதில். தாள்கள் வந்துகொண்டிருப்பது உண்மை, அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆனால் வந்தவை எல்லாம் வெளிர்நீலம், கருநீலம் ஒன்றுகூட வரவில்லை.

அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். கருநீலம்தான் ராக்கெட் லேபிளின் நீலம். மாமா வாரம் தவறாமல் அதையும் தாளில் தட்டி எடுத்துவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"கருநீலத் துண்டெல்லாம் எங்க போச்சு மாமா?"

"வீட்லதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறப்ப அத வச்சுத்தான் ஒப்பிடுவேன். அவருக்கு எதுக்கு? கருநீலத்துல சந்தேகம் இல்லையே. சந்தேகம் இருக்கிறதத்தான அனுப்பணும்?"

அலமாரியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்து காட்டினார். இருந்தன. எல்லாமா, கொஞ்சமா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் என் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத மொதலாளிகிட்டக் காட்ட வேணாம். காட்டினா கயித்த நாமளே குடுத்த மாதிரி."

அதற்குப் பதிலாக அவரே ஒரு வழி சொன்னார். முதலாளி முன்னால் போய் நின்று, அசல் ஒன்றும் டூப்ளிகேட் ஒன்றுமாக இரண்டு லேபிளையும் மொட்டைமாடி வெயிலில் போடுங்கள் என்றார். கடை வாசலில் தொங்கினாலும் சீக்கிரம் மங்காமல் இருக்க, அந்த நீலத்தில் அவர் ஒரு சொட்டு ஊதாவை ரகசியமாகச் சேர்ப்பார். லேபிளைப் பார்த்துக் கண்ணால் கலக்குகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அப்படிக் கலக்கியதாக இருந்தால் வெயிலில் பச்சை தட்டிவிடும். பச்சை தட்டினால் அளவு வெளியே போகவில்லை என்று பொருள். டென்னிஸோடு மூன்று வருஷம் நீலத்தைச் சந்தேகப்பட்டதில் அவருக்குக் கிடைத்த தைரியம் அது.

ஜெயச்சந்திரன் ஒப்புக்கொண்டார். இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். மாசிக் கடைசி, நல்ல வெயில். தினமும் மத்தியானம் யாராவது மாடிக்கு ஏறி இறங்குவதும், கீழே நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பதுமாக இரண்டு வாரம் போனது. பிறகு முதலாளி எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார். மாமா சொல்லி நானும் போயிருந்தேன்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. முனியராஜுக்கும் அப்படித்தான். முதலாளி கண்ணாடியை எடுத்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் தெரியல. நீயே பாத்துச் சொல்லு சீனி. நீ எதச் சொன்னாலும் நான் ஏத்துக்கிறேன்" என்றார்.

அந்த நிமிடம் மாமா, லேசாகப் பச்சை தட்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் மறுத்துச் சொல்ல அந்த மாடியில் கண் இல்லை. அவர் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டையும் சாய்த்து, திருப்பி, நிழலில் வைத்து, மறுபடி வெயிலில் வைத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் நீலந்தான் மொதலாளி."

ஜெயச்சந்திரன் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவில் போகிற லோடு வண்டியைப் பார்த்தார். பிறகு, "சாவியக் குடுத்துரு. மடிக்கிற செக்சன்ல இருந்துக்க" என்றார்.

பங்குனிப் பொங்கல் வரைக்கும் மடிக்கிற பிரிவில் பெண்களோடு உட்கார்ந்து லேபிள் எண்ணினார். பிறகு திருப்பூர்.

அவர் போன பின்னும் தெரு பேசிக்கொண்டுதான் இருந்தது. பொன்னுத்தங்கம் அத்தை குழாயடியில் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும், எடுத்தால் தொடரும். "ஒத்துக்கிட்டாராம்ல, அவரு வாயாலேயே" என்று சொர்ணலட்சுமியக்கா ஒருநாள் நேராகவே கேட்டாள். அத்தை, "ஆமா, அவரு நீலத்த அவரு ஒத்துக்கிட்டாரு. உனக்கு ஏதாவது ஒத்துக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். மறு வருஷம் அவளும் திருப்பூருக்குப் போய்விட்டாள்.

அங்கே மாமாவுக்கு வேலை நிலைத்தது. எப்போதாவது போன் செய்வார். ஜூன் மாதத்து விமானம் இருந்த அணியின் வேறு சில படங்கள் டென்னிஸுக்குக் கிடைத்திருப்பதாகவும், அந்த விமானத்தின் இடதுபக்க வட்டமும் வலதுபக்க வட்டமும் வேறு வேறு நீலமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்திருப்பதாகவும் ஒரு தடவை சொன்னார். பெரிய சந்தோஷம் குரலில். லேபிள் விஷயத்தை அவர் எடுக்கவே மாட்டார். நான் எடுத்தால், "என் நீலம் எப்படி வெளிய போச்சுன்னு எனக்கே தெரியல வாணி. தெரியாதத என்ன பேச" என்று வைத்துவிடுவார். ஒரு நாள் மட்டும், "நீ நம்புறியா?" என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். கொஞ்சம் தாமதித்துச் சொல்லிவிட்டேன். அவர் அதைக் கவனித்தார். அதன் பிறகு போன் குறைந்தது. ஒரு கட்டத்தில் அவர் பழைய நம்பரும் வேலை செய்யவில்லை. அத்தையின் நம்பர் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

2009 அக்டோபரில், தீபாவளி முடிந்து அச்சகங்கள் ஓய்ந்திருந்த ஒரு நாள், என் செல்லுக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், மூன்று துண்டாக:

"வாணி, ஜெயச்சந்திரன் பேசுறேன். சீனி நம்பர் கிடைக்கல. அவன்கிட்டச் சொல்லு. டூப்ளிகேட் லேபிள்னு யாரும் அடிக்கல. அது நம்ம மெஷின்ல ஓடுன நம்ம லேபிளேதான். ஆர்டருக்கு மேல ஓட்டுற தாள எப்பவும் கட்டிங்ல ரெண்டா வெட்டித்தான் வேஸ்ட் பேப்பருக்குப் போடுவோம். அந்த சீசன்ல நேரம் இல்லாம வெட்டாம கட்டிப் போட்டிருக்காங்க. வெடிக்குக் குழாய் உருட்ட எடைக்கு வாங்குன ஆளு, நல்லதாப் பொறுக்கி அவன் மட்டச் சரக்குப் பெட்டியில ஒட்டியிருக்கான். நேத்து குடோன்ல ஒரு பழைய கட்டப் பிரிச்சப்பதான் பாத்து, விசாரிச்சேன். நிறத்தப் பாத்தமே தவிர அது நம்ம தாளான்னு ஒருத்தனுக்கும் கேக்கத் தோணல. கம்பெனிக்காரருக்குத் தெரிஞ்சா ஆர்டர் போயிரும். அதனால அவன்கிட்ட மட்டும் சொல்லு. தெருவுல வேற யாருக்கும் தெரிய வேணாம்."